அவர் உடலுக்கு இரண்டு தீர்ப்புகள்

என் கணவர் ஒரு வியாழக்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் வாசலில் விழுந்தார். கையில் பால் பாக்கெட் இருந்தது. ஆம்புலன்ஸ் காவிரிப் பாலத்து நெரிசலில் நகராமல் நின்றபோதே அவர் போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைச் சொல்ல இன்னும் இருபது நிமிடம் ஆனது.

நான் அழுவதற்கு முன் இரண்டு ஃபோன் செய்தேன். ஒன்று கண் வங்கிக்கு. இன்னொன்று, எட்டு வருடங்களுக்கு முன் அவர் உடல் தானப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த மருத்துவக் கல்லூரிக்கு. இதைக் கேட்ட சிலர் பிறகு என்னை ஒருமாதிரிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர் என்னிடம் ஒப்படைத்த வேலை அது. தாமதித்தால் கெட்டுப்போகும் வேலை.

அவர் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற மாதத்தில்தான் அந்தப் படிவத்தை வாங்கி வந்தார். சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எத்தனை தவளைய அறுத்திருக்கேன் தெரியுமா? பசங்களுக்குக் காட்டறதுக்காக. ஒரு தடவை நானும் அந்த மேஜைல படுக்கணும். அதுதான் நியாயம்."

நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அவருடன் வேலை பார்த்த ஒருவர் இன்னொரு சாட்சி.

அவர் பிறந்தது கோவிலைச் சுற்றியுள்ள வீதி ஒன்றில், வைணவக் குடும்பத்தில். நான் பிறந்தது திருச்சி பெரிய கடை வீதிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்தில், முஸ்லிம் குடும்பத்தில். பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டோம். இருவரும் பெயரை மாற்றவில்லை, மதத்தையும் மாற்றவில்லை. நான் நோன்பு வைப்பேன். அவர் எனக்கு சஹர் நேரத்தில் அலாரம் வைப்பார். அவருக்கென்று இருந்த ஒரே அனுஷ்டானம், மார்கழியில் வெண்பொங்கல் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் மறுக்காமல் சாப்பிடுவது. குழந்தைகள் இல்லை. முப்பத்திரண்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

அன்று மதியத்துக்குள் கண்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாலை நான்கு மணிக்குள் உடலைக் கொண்டு வந்தால் பதப்படுத்துவதற்கு வசதி என்று கல்லூரியில் சொன்னார்கள். வண்டிக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு மணிக்கு அவருடைய அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

காலையில் அவருக்கும் நான்தான் ஃபோன் செய்திருந்தேன். வெள்ளை வேஷ்டி, நெற்றியில் திருமண். எழுபத்தைந்து வயது. தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து என் எதிரில் நின்றார்.

"அவன் பரமபதிச்சதை எனக்குச் சொன்னியே, அதுக்கே நான் நன்றி சொல்லணும். ஆனா அவனுக்கு சரம கைங்கர்யம் ஆகணும், முறைப்படி தகனம் ஆகணும். காலேஜ் மேஜைல கிடக்கறதுக்கு அவன் பொறக்கலை."

"அவரே எழுதிக் கொடுத்திருக்காருங்க."

"எழுதினான். எழுதறச்சே அறுபது வயசு, திடமா இருந்தான். போறச்சே மனுஷன் மனசு எப்படி மாறும்னு யாருக்குத் தெரியும்?"

"போறப்ப அவர் கையில பால் பாக்கெட் இருந்துச்சு. மாறுறதுக்கு நேரமே இல்ல."

அவர் வராந்தாவுக்குப் போய் யாருடனோ ஃபோனில் பேசினார், ஒரு தாளில் எதையோ எழுதி ஆள் மூலம் அனுப்பினார். மூன்றரை மணிக்குக் கல்லூரியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. குடும்பத்தில் ஒருவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார், கோர்ட் உத்தரவு இல்லாமல் வாங்க முடியாது என்றார்கள். என் கணவர் அன்று மாலை பிணவறைக்குப் போனார்.

சாயங்காலம் என் சொந்த அண்ணன் வீட்டுக்கு வந்தார். பெரிய கடை வீதியில் துணிக்கடை வைத்திருப்பவர். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத்தான் என்னோடு பேச ஆரம்பித்தார். பிளாஸ்கில் டீ கொண்டு வந்திருந்தார். டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"மய்யித்தை அறுக்கறது நமக்கும் ஒப்புதல் இல்லம்மா. அவங்க கேக்குறாங்கள்ல, கொடுத்துடு. நீ எதுக்குக் கோர்ட் ஏறணும்?"

அவர் சொன்னதும் மதியம் வந்தவர் சொன்னதும் ஒன்றுதான். முப்பத்திரண்டு வருடமாக ஒரு விசேஷத்துக்குக்கூட ஒன்றாக உட்காராத இரண்டு வீடுகள், அன்று ஒரே பக்கம் நின்றன.

"அண்ணே, அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு. வாழ்நாள்ல என்கிட்ட வேற எதையும் எழுத்துல கேக்கல" என்றேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு காலி டம்ளரை வாங்கி பிளாஸ்கின் மேல் கவிழ்த்தார்.

மறுநாள் அவருடைய அண்ணன் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். நானும் போட்டேன். இரண்டையும் சேர்த்து, இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு திங்கட்கிழமை விசாரிக்கும் என்றார்கள்.

எனக்காக வாதாட வந்தவர் நாற்பது வயதுப் பெண். என் அலுவலகத் தோழி ஒருத்தியின் தங்கை. படிவத்தைப் படித்தார், திருமணச் சான்றிதழைப் படித்தார், சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவரிடம் பேசினார். எல்லாம் முடிந்து ஃபைலை மூடிவிட்டு அவர் முதலில் சொன்ன வார்த்தை சட்டத்தைப் பற்றியது இல்லை.

"பெஞ்ச் யாருன்னு பாத்துட்டேன் அக்கா. கொஞ்சம் சிக்கல்தான்."

"என்ன சிக்கல்? எழுதிக் கொடுத்தது இருக்கு. சாட்சி இருக்கு."

"சட்டம் நம்ம பக்கம்தான். ஆனா உக்காந்திருக்கறது ரெண்டு பேரு. ஒருத்தர் தனிமனுஷ உரிமைன்னு எழுதுவாரு. இன்னொருத்தர் மரபு, சமயம்னு எழுதுவாரு. நான் இப்பவே ரெண்டு தீர்ப்பையும் டைப் அடிச்சுக் கொடுத்துடுவேன்."

"அப்ப நாம எதுக்குப் பேசணும்?"

"பேசணும்ல அக்கா" என்றார்.

நான் தபால் அலுவலகத்தில் கவுன்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு பார்சலைத் தராசில் வைத்தால் அது காட்டும் எடைக்குத்தான் ஸ்டாம்ப். லால்குடி தபால் அலுவலகத்தில் வைத்தாலும் தொட்டியத்தில் வைத்தாலும் அதே எடைதான். கவுன்டருக்குப் பின்னால் இருப்பவள் முக்காடு போட்டவளா, குங்குமம் வைத்தவளா என்று பார்த்துப் பார்சல் கனக்காது. நீதிமன்றம் அதைவிடப் பெரிய இடம், அங்கே தராசு இன்னும் துல்லியமாக இருக்கும் என்று அந்த வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலை நீதிமன்றக் கேன்டீனில், எதிர்த்தரப்பு ஜூனியர் ஒருவர் எங்கள் மேஜைக்கு வந்து எங்கள் வக்கீலிடம் சிரித்துக்கொண்டே, "ஸ்ப்ளிட்தான் மேடம், வேறென்ன" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது விசாரணை தொடங்கவே இல்லை.

விசாரணை ஒரு மணி நேரம் நடந்தது. பெரும்பாலும் ஆங்கிலம். எனக்குப் புரிந்தது. என் கணவர் பெயர் நான்கைந்து முறை வந்தது. அதற்கப்புறம் அவர் காணாமல் போய்விட்டார். ஆன்மா என்றார்கள், கண்ணியம் என்றார்கள், நாகரிகம் என்றார்கள். எங்கள் வக்கீல் மூன்று முறை, "அவர் கைப்பட எழுதியது" என்று படிவத்தைத் தூக்கிக் காட்டினார். மூன்று முறையும் பேச்சு வேறு எங்கோ போனது.

மறுநாள் தீர்ப்பு வாசித்தார்கள். கேன்டீனில் சொன்னது அப்படியே நடந்தது.

மூத்த நீதிபதி எனக்குச் சாதகமாக எழுதியிருந்தார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பிறகு நகல் கையில் வந்து படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பது பக்கம். அதில் நான் பழமைவாதத்தை எதிர்த்து நிற்கும் பெண், எங்கள் கல்யாணம் இரு மதங்களுக்கு நடுவே கட்டப்பட்ட பாலம். நாங்கள் பாலம் கட்டவில்லை. மின்சாரக் கட்டணம் கட்டினோம், கொசுவலை கட்டினோம். இளைய நீதிபதி எனக்கு எதிராக எழுதியிருந்தார். முப்பத்தைந்து பக்கம். வேறு நம்பிக்கையைச் சேர்ந்த மனைவிக்கு, ஈமச்சடங்கின் ஆழம் புரியாமல் போவது இயல்பு என்று அதில் இருந்தது. கண்கள் "அவசர அவசரமாக" எடுக்கப்பட்டதாகவும் இருந்தது. கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லையா, சொல்லியும் காதில் விழவில்லையா, தெரியவில்லை.

இரண்டு தீர்ப்புகளையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் படித்தேன். எழுபத்தைந்து பக்கத்தில் தவளை ஒரு இடத்திலும் இல்லை. எங்கள் பிரமாணப் பத்திரத்தில் அதை முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தோம். எனக்குச் சாதகமாக எழுதியவர், என் கணவரைத் தாவரவியல் பேராசிரியர் ஆக்கியிருந்தார். எனக்கு எதிராக எழுதியவர் அவர் என்ன வேலை பார்த்தார் என்று சொல்லவே இல்லை. இருவரும் ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதற்கு இடம் கொடுத்திருந்தோம், அவ்வளவுதான்.

தீர்ப்பு வாசித்த அன்று நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கருத்து வேறுபாடு ஏற்பட்டதால் மூன்றாவது நீதிபதி விசாரிப்பார், அதுவரை உடல் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கை அழைக்கப் போனார்கள். நான் எழுந்து நின்றேன். எங்கள் வக்கீல் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

"ஐயா, அவரு ஐஸ் பெட்டியில இருக்காரு. மூணாவது நீதிபதி எப்ப வருவாரு?"

மூத்த நீதிபதி தமிழில் பேசினார்.

"புரியுதும்மா. உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க, அவங்க முறைப்படி மென்ஷன் பண்ணி, அவசரமா எடுக்கச் சொல்லுவாங்க."

"எப்பன்னு மட்டும் சொல்லுங்க ஐயா."

"அது எங்க கையில இல்லம்மா."

அவ்வளவு பெரிய கையில் இல்லாதது யார் கையில் இருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த வழக்கின் எண்ணைப் படித்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஆறு நாட்கள் காத்திருப்பு. மூன்றாவது நீதிபதியைத் தலைமை நீதிபதி நியமிக்க வேண்டும், நியமிக்கப்பட்டவர் இரண்டு நாள் விடுப்பு. நான் தினமும் காலையில் பிணவறைக்குப் போவேன். உள்ளே விட மாட்டார்கள். வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்ச் உண்டு. அதில் எனக்கு முன்பே அவருடைய அண்ணன் உட்கார்ந்திருப்பார். உதடு அசைந்துகொண்டிருக்கும். நான் மறு ஓரத்தில் உட்காருவேன். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"சாப்பிட்டியா?"

"இல்லைங்க."

"நானும் இல்லை. அவனைப் போக விடாம வெச்சிண்டு எப்படிச் சாப்பிடறது?"

"நான் வெச்சிக்கலைங்க. நீங்களும் வெச்சிக்கல. ஆனா நீங்க ஆரம்பிச்சு வெச்சீங்க."

அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அந்த மனிதர் ஒப்புக்காக வரவில்லை. தம்பியின் ஆத்மா வழி தெரியாமல் நிற்கிறது என்று நிஜமாகவே நம்பினார். அவர் நம்பிக்கைமேல் எனக்கு அப்போதும் மரியாதை இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் நம்பிக்கை அவருடையது, உடல் என் கணவருடையது.

அடுத்த திங்கட்கிழமை மூன்றாவது நீதிபதி விசாரித்து அன்றே தீர்ப்பளித்தார். ஆறே பக்கம். எழுதிக் கொடுத்திருக்கிறார், சாட்சிகள் இருக்கிறார்கள், மனைவி அதை நிறைவேற்றக் கேட்கிறார், கொடுங்கள். இதைச் சொல்ல ஆறு பக்கம் போதும் என்றால், முன்பு எழுபத்தைந்து பக்கம் எதற்கு? எங்கள் வக்கீல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"ஜெயிச்சுட்டோம் அக்கா."

பஸ்ஸில் திரும்பும்போதே கல்லூரிக்கு ஃபோன் செய்தேன். மறுநாள் காலை உத்தரவு நகலோடு போனேன். உடற்கூறியல் துறைத் தலைவர், என் வயதுப் பெண்மணி, அறைக்கு உள்ளே கூப்பிடாமல் அவரே வெளியே வந்தார். அதிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"நாங்க போய் பாத்துட்டு வந்துட்டோம்மா. பதினோரு நாள் தாண்டிடுச்சு. நடுவுல மின்சாரமும் சரியா இல்ல போல. இனிமே பதப்படுத்த முடியாது. பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்க உதவாது." என் கையிலிருந்த நகலைப் பார்த்து, "அன்னிக்கு நாலு மணிக்கு வந்திருந்தார்னா நல்லா இருந்திருக்கும். மன்னிச்சுக்குங்க" என்றார்.

நீதிமன்றம் எனக்குக் கொடுத்தது அதுதான். வென்றேன் என்று ஆறு பக்கம்.

அன்று மதியமே மின் மயானத்தில் ஏற்பாடு செய்தேன். என் அண்ணன் வந்தார், டீ பிளாஸ்க் இல்லாமல். கணவரின் அண்ணனும் வந்தார். கையில் ஒரு தர்ப்பைக் கட்டு.

"காலேஜும் வேண்டாம்னுட்டா. இப்பவாவது என்னைப் பண்ண விடு. உனக்கு என்ன நஷ்டம்?"

"மந்திரம் வேணாம்னு அவர் பத்து தடவையாவது என்கிட்ட சொல்லியிருக்காரு. நீங்க அண்ணனா நில்லுங்க. அதுக்கு யாரும் தடை சொல்ல மாட்டாங்க."

"நீ ஜெயிச்சுட்டே. எனக்குன்னு என்ன விட்டு வெச்சே?"

"உங்களுக்கும் ஒண்ணும் இல்ல, எனக்கும் ஒண்ணும் இல்ல. பதினோரு நாளா அவங்க எழுதிட்டே இருந்தாங்க."

தர்ப்பையை அவர் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கதவு மூடும்வரை என் அருகில் நின்றார். எல்லாம் முடிந்த பிறகு, தயங்கித் தயங்கி, சாம்பலைக் காவிரியில் கரைக்கலாமா என்று கேட்டார்.

"எடுத்துக்குங்க. சாம்பலைப் பத்தி அவர் எதுவும் எழுதி வைக்கல" என்றேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் அதோடு விட்டுவிடச் சொன்னார்கள். நான் விடவில்லை. நாற்பது நாள் கழித்து அதே மருத்துவக் கல்லூரியில் என் உடலுக்குப் படிவம் கொடுத்தேன். பிறகு எங்கள் வக்கீலைப் போய்ப் பார்த்தேன்.

"நான் உயிரோட இருக்கறப்பவே எனக்காக ஒரு கேஸ் போடணும். நான் செத்தப்புறம் யார் ஆட்சேபம் சொன்னாலும் கல்லூரி என் உடலை வாங்கிக்கணும்னு உத்தரவு வேணும்."

அவர் சிரிக்கலாமா என்று யோசித்தது தெரிந்தது. "நிக்காது அக்கா. இன்னும் எதுவுமே நடக்கலையேம்பாங்க."

"நடந்தப்புறம் நான் வந்து வாதாட முடியாதே."

மனு தயாரானது. எதிர்மனுதாரர்களாகக் கல்லூரி, அரசு, என் அண்ணன், கணவரின் அண்ணன். நோட்டீஸ் போனதும் முதல் ஃபோன் கணவரின் அண்ணனிடமிருந்துதான் வந்தது.

"என்னை எதுக்கு இதுல சேர்த்திருக்கே? உன் விஷயத்துல நான் வரப் போறதில்லையே."

"அப்ப வர மாட்டேன்னு எழுதிக் கொடுத்துடுங்க. கோர்ட்டுக்கு அதுவும் ஒரு காகிதம்."

அவர் எழுதிக் கொடுத்தார். ஒரே வரி, தெளிவான கையெழுத்து. என் அண்ணன் எழுதிக் கொடுக்கவில்லை. "நான் உனக்கு முந்திப் போயிடுவேம்மா, அந்தக் கஷ்டம் எனக்கு வேணாம்" என்றார்.

பதிவுத் துறை மனுவை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. மூன்றாவது முறை எண் கொடுத்தார்கள். அப்போது வக்கீல் அவசரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, இந்த வகை மனுவெல்லாம் இப்ப அவர்கிட்டதான் போகுது. அன்னிக்கு நமக்கு எதிரா எழுதினாரே, அவர்கிட்ட. மூணு மாசத்துல ரோஸ்டர் மாறும், யார் எந்த வழக்கைக் கேப்பாங்கன்ற பட்டியல். அதுவரைக்கும் லிஸ்ட்ல வராம பாத்துக்கறேன். அப்புறம் நமக்குத் தோதான ஆளு வருவாரு."

அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பதினோரு நாளை உண்டாக்கியதே இந்தக் கணக்குத்தான். எனக்குத் தோதான ஆள், அவர்களுக்குத் தோதான ஆள்.

"தோதான ஆளு வேணாம் வக்கீலம்மா. அவர் முன்னாடியே வரட்டும். சட்டம் என்னன்னு அவர் சொல்லட்டும். தப்பா சொன்னா, தப்புன்னு மேல போய்ச் சொல்லுவோம்."

"தோத்துடுவோம் அக்கா."

"தோக்கலாம். ஆள் பாத்து ஜெயிக்க எனக்கு இஷ்டமில்ல."

ஒரு புதன்கிழமை அவர் முன் வழக்கு வந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. காகிதங்களைப் புரட்டிவிட்டு நேராக என்னைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

"சொல்லணும் ஐயா. போன தடவை நீங்க எழுதினதுல என் மதம் இருந்துச்சு. என் வீட்டுக்காரர் மதம் இருந்துச்சு. அவர் எழுதிக் கொடுத்த படிவத்தைப் பத்தி ஒரு வரி இல்ல. இந்தத் தடவை படிவத்தைப் படிச்சுட்டு எழுதுங்க. எதிரா எழுதினாலும் சரி."

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி கோபப்படவில்லை. படிவத்தை எடுத்து உண்மையிலேயே படித்தார். இரண்டு பக்கத்தையும். பிறகு தள்ளுபடி செய்தார். மனு முன்கூட்டியது, சம்பவம் நடக்காமல் உத்தரவிட முடியாது என்று ஒன்றரைப் பக்கம். அதில் மதம் என்ற சொல் இல்லை. என் பெயர், வயது, முன்னாள் வேலை மூன்றும் சரியாக இருந்தன.

வெளியே வந்ததும் வக்கீல், "சொன்னேன்ல அக்கா" என்றார்.

"மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் டைம்?" என்று கேட்டேன்.

அன்றே வக்காலத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். மேல்முறையீடு இப்போது வேறு இரண்டு நீதிபதிகள் முன் இருக்கிறது. அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று வக்கீல் சொல்ல வந்தார். சொல்ல வேண்டாம் என்றுவிட்டேன். ரத்த அழுத்த மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். அந்த வழக்கு முடியும்வரை நான் இருந்தாக வேண்டும்.